ஈ.எஸ்.ஐ. பணம் வாங்கினால் சொந்த விபத்து பாலிசியைக் கேட்கக் கூடாதா?

கேள்வி, 12 ஜூன் 2023

என் வீட்டுக்காரர் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் ஆபரேட்டர். ஏப்ரலில் வலது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் அடியோடு போய்விட்டன. ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) வைத்தியம் நடக்கிறது, வீட்டில் இருக்கிற நாட்களுக்குப் பணமும் வருகிறது. அவர் பெயரில் ஐந்து வருடமாகத் தனிநபர் விபத்து பாலிசி ஒன்று கட்டி வருகிறோம், 10 லட்சத்துக்கு. அதில் நிரந்தர ஊனத்துக்குப் பணம் உண்டு என்று போட்டிருக்கிறது. கம்பெனி எச்.ஆர். "ஈ.எஸ்.ஐ. வாங்கிக்கொண்டு அதையும் கேட்டால் இரண்டும் நின்றுவிடும், சட்டமே அப்படித்தான்" என்கிறார். உண்மையா? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

13 ஜூன் 2023, காலை

நிற்காது தங்கச்சி. இரண்டையும் வாங்கலாம். நான் வாங்கியவன்.

எனக்கு 2017 ஆகஸ்டில் ஆனது. அதே பவர் பிரஸ், அதே வலது கை, இரண்டு விரல். எங்கள் எச்.ஆரும் இதே வசனத்தைத்தான் சொன்னார். நான் நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஐந்து மாதம் வீணாய்ப் போனது. அந்தக் கதை பெரிது, பிறகு சொல்கிறேன்.

அவர் சொல்லும் "சட்டம்" ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவு. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறவர் வேலையில் அடிபட்டால், முதலாளியிடமிருந்தோ முதலாளியின் வேலையாளிடமிருந்தோ தனியாக இழப்பீடு கேட்க முடியாது என்கிறது அது. 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க முடியாது. 1996-இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் உறுதி செய்தது. ஆனால் நீங்கள் பிரீமியம் கட்டிய இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் முதலாளியா? இல்லையே. உங்கள் பணம், உங்கள் ஒப்பந்தம். 53 அங்கே வராது.

இன்றைக்கே பாலிசி கம்பெனிக்கு ஈமெயில் போடுங்கள். "இந்தத் தேதியில் விபத்து, இந்தக் கை, சிகிச்சை நடக்கிறது" என்று மூன்று வரி போதும். சர்டிபிகேட் எல்லாம் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

13 ஜூன் 2023, இரவு

கணக்கு கேட்டிருந்தீர்கள். நிரந்தர ஊனத்துக்கு ஈ.எஸ்.ஐ. மொத்தமாகக் கொடுக்காது, ஆயுளுக்கும் மாதாமாதம் வரும். சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் எடுப்பார்கள். அதில் எத்தனை சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனது என்று மெடிக்கல் போர்டு சொல்கிறதோ அந்த அளவு. சட்டத்தின் பின்னால் அட்டவணை இருக்கிறது: ஒரு கையில் இரண்டு விரல் 20 சதவீதம், மூன்று விரல் 30, நான்கு விரல் 50. கட்டைவிரல் ஒன்று போனாலே 30.

அவருக்கு நாள் கூலி 600 என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் 540. அதில் 30 சதவீதம் 162 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 4,212.

14 ஜூன் 2023

தப்பு. 26 இல்லை, 30. ஞாயிற்றுக்கிழமையும் கை அப்படியேதான் இருக்கும் என்பதால் ஞாயிறுக்கும் உண்டு. 162 × 30 = 4,860. கம்பெனிக்காரன் மூளை எனக்கும் வந்துவிட்டது போல.

இன்னொன்று விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் இருக்கும் நாட்களுக்கு வருவது தற்காலிக ஊனப் பணம், கூலியில் 90 சதவீதம். அது நின்ற பிறகுதான் நிரந்தர ஊனக் கணக்கு தொடங்கும். ஆகவே "பணம் குறைந்துவிட்டது" என்று பதற வேண்டாம், வேறு தலைப்புக்கு மாறியிருக்கும். அது வாங்கிக்கொண்டிருக்கிற காலத்தில் அவரை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. 73-வது பிரிவு.

17 ஜூன் 2023

ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கம்பெனியே எல்லோருக்கும் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது. அதுவும் கிடைக்குமா?"

நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். "இன்சூரன்ஸ்" என்று ஒரே பெயரில் மூன்று சரக்கு உலவுகிறது.

ஒன்று, நீங்களே போட்ட தனிநபர் விபத்து பாலிசி. அதில் சந்தேகமே இல்லை.

இரண்டு, கம்பெனி எல்லா ஆளுக்கும் சேர்த்துப் போடும் குரூப் விபத்து பாலிசி. பிரீமியம் கம்பெனி கட்டினாலும் பலன் தொழிலாளி பெயரில் இருந்தால் கேளுங்கள். ஆனால் பணம் பல இடங்களில் கம்பெனி கணக்கு வழியாக வரும். அங்கேதான் "ஈ.எஸ்.ஐ. வாங்கிவிட்டாயே" என்று மடக்குவார்கள். பாலிசியின் நகலை வாங்கிப் பார்க்காமல் நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மூன்று, முதலாளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடும் இழப்பீட்டு பாலிசி. ஈ.எஸ்.ஐ.யில் இல்லாத ஆட்களுக்கு அவர் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை அது கட்டும். மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர்கள், ஈ.எஸ்.ஐ. வராத இடத்தில் இருப்பவர்களுக்கு இது. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறவருக்கு இது கிடையாது, 53 இங்கேதான் குறுக்கே நிற்கும்.

எச்.ஆர். சொன்னது மூன்றாவதற்குச் சரி. அதை முதலாவதின் மேல் தூக்கிப் போட்டுவிட்டார். தெரிந்தே செய்தாரா என்றால், எங்கள் ஆள் தெரியாமல்தான் செய்தார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.

17 ஜூன் 2023, கொஞ்ச நேரம் கழித்து

ஆஸ்பத்திரி பில்லையும் பாலிசியில் கேட்கலாமா என்றால், செலவே ஆகாததைக் கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. இலவசமாகப் பார்த்ததற்கு பில் எங்கே? ஊனப் பணம் வேறு. "ஆள்காட்டி விரல் போனால் இவ்வளவு" என்று முன்பே பேசி வைத்த தொகை. வேறு இடத்தில் வாங்கினாயா என்று பார்த்துக் கழிக்கிற சரக்கு இல்லை.

24 ஜூன் 2023

சரி, என் கதை.

அடிபட்ட அன்று என்னை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே "கேட்டில் கை சிக்கியது" என்று எழுதிவிட்டார்கள். யார் சொல்லி எழுதினார்களோ. நான் மயக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் என் மச்சான் சண்டை போட்ட பிறகு கம்பெனி ஈ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை, அதாவது படிவம் 12, அனுப்பியது. அதில் "பிரஸ் மெஷினில் வேலை செய்யும்போது" என்று சரியாக இருந்தது. ஈ.எஸ்.ஐ. பக்கம் அதற்குப் பிறகு எனக்குச் சிக்கல் இல்லை. போர்டில் 20 சதவீதம் போட்டார்கள். நாள் கூலி 500-க்கு நாளைக்கு 90 ரூபாய்.

பாலிசி விஷயத்தில் எச்.ஆர். சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்தேன். ஜனவரியில் சின்ன மாமனார் வீட்டுப் பொங்கலுக்கு வந்த ஒருவர், தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர், "அடேய், பாலிசி உன்னோடதுதானே?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. விண்ணப்பித்தேன். மார்ச்சில் கடிதம் வந்தது: நிராகரிப்பு. மூன்று காரணம் சொல்லியிருந்தார்கள். தாமதமாகச் சொன்னாய். ஓரிடத்தில் கேட், ஓரிடத்தில் பிரஸ் என்று இருக்கிறது. உன் தொழில் அலுவலக வேலை என்று பாலிசியில் உள்ளது.

மூன்றாவதைப் பார்த்துத்தான் எனக்குத் தலை சுற்றியது. ஏஜென்ட் படிவத்தை நிரப்பும்போது "தனியார் கம்பெனி வேலை" என்று போட்டிருக்கிறார். பிரீமியம் கொஞ்சம் குறையட்டும் என்று எனக்கு நல்லது செய்தாராம். நான் கையெழுத்து போட்டேன். அப்போது வலது கையில் ஐந்து விரலும் இருந்தது, படித்துப் பார்த்திருக்கலாம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். பதில் இல்லை. ஒரு மாதம் பொறுத்து சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கிறவருக்கு, எழுதினேன். தமிழ்நாடு முழுக்க அந்த ஒரு ஆபீஸ்தான், தேனாம்பேட்டையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கக் கூடாது. நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் கூடாது என்பது எனக்குப் பயமாக இருந்தது, பிறகு அதுதான் நல்லதாய்ப் போனது. எதிரில் உட்கார்ந்திருந்தவரும் வக்கீல் இல்லை.

தாமதத்துக்கு எனக்குக் கை கொடுத்தது ஒரு பழைய சுற்றறிக்கை. 2011 செப்டம்பர் 20 அன்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பியது. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான க்ளைமைத் தள்ளக் கூடாது என்கிறது. அதை பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். கேட், பிரஸ் குழப்பத்துக்குப் படிவம் 12 நகலும் மச்சானும். தொழில் விஷயத்தில் மட்டும் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. கையெழுத்து என்னுடையது.

என் பாலிசி 10 லட்சம். அதன் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 10 சதவீதம், நடுவிரல் 6. ஆக 1,60,000 வர வேண்டும். தொழிலை மாற்றிச் சொன்னதற்காகக் குறைத்து 1,20,000 கொடுத்தார்கள். 40,000 ரூபாய் ஏஜென்ட்டின் அன்புக்கு.

25 ஜூன் 2023

தங்கச்சி, நேற்று எழுதியதைப் படித்துப் பயந்துவிட்டதாகச் சொன்னீர்கள். பயப்பட வேண்டாம், இன்று செய்யக்கூடியது இது. பாலிசியோடு வந்த முன்மொழிவுப் படிவத்தின் (பாலிசி எடுக்கும்போது நிரப்பியது) நகலில் தொழில் என்ன போட்டிருக்கிறது பாருங்கள். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, படிவம் 12, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றிலும் விபத்து ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா பாருங்கள். நேரம்கூட. எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும் (என்னுடையது ஒட்டிக்கொண்டது). கம்பெனி வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் போட வேண்டாம். இடது கையாலும் வேண்டாம்.

2 ஜூலை 2023

20 ரூபாய் இன்சூரன்ஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரதமர் சுரக்ஷா பீமா. வங்கிக் கணக்கில் தானாகப் பிடிப்பார்கள், ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம். முன்பு 12 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனிலிருந்து 20. பலபேருக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாது. பாஸ்புக்கைப் பாருங்கள்.

விரலுக்கு அதில் பணம் கிடையாது. இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் என்றால் 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் என்றால் 1 லட்சம். மூன்று விரலுக்கு ஒன்றும் இல்லை. கேட்டு அலைய வேண்டாம்.

3 ஜூலை 2023

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். விதியை மறுபடி படித்தேன். கை "போனால்" என்று மட்டும் இல்லை, ஒரு கையின் "பயன்பாடு" போனால் என்று இருக்கிறது. மீதி இரண்டு விரலும் மடங்காமல், எதையும் பிடிக்க முடியாமல் கை வெறுமனே தொங்குகிறது என்று டாக்டர் எழுதினால் கேட்கலாம். அவர் கை எப்படி இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கட்டைவிரல் நன்றாக வேலை செய்கிறது என்றால் பொய்யாக எழுதி வாங்காதீர்கள். பெரிய க்ளைமும் சேர்ந்து கெடும்.

ஒரே கைதான், தராசுதான் இடத்துக்கு இடம் வேறு. ஈ.எஸ்.ஐ. போர்டு சம்பாதிக்கும் திறனைப் பார்க்கிறது: 30. பாலிசி கம்பெனி தன் அட்டவணையைப் பார்க்கிறது. என் பாலிசி மாதிரியே இருந்தால் மோதிர விரலுக்கு 5 சேர்த்து 21. அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போனால் அங்கே வேறொரு சதவீதம். பல சலுகைகளுக்கு 40 தேவை, எனக்கு அது எட்டவில்லை. ஒரு சர்டிபிகேட்டை இன்னொரு இடத்தில் நீட்டி "இதில் 30 போட்டிருக்கிறதே" என்று சண்டை போட்டுப் பயனில்லை. நான் போட்டுப் பார்த்தேன்.

9 ஜூலை 2023

"ஆபரேட்டர் சென்சாரை ஆஃப் செய்துவிட்டு ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது, தன் தப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட முடியாது.

பிரஸ்ஸில் இரண்டு கைக்கும் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் ரேம், அதாவது மேலிருந்து அழுத்தும் பாகம், இறங்கும். டார்கெட் ஏற ஏற ஒரு பட்டனில் டேப் ஒட்டி வைப்பார்கள், ஒரு கையால் ஷீட் தள்ளலாம் என்று. டேப் ஒட்டச் சொன்னது யார் என்று எந்த அறிக்கையிலும் வராது.

ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51பி என்று ஒரு பிரிவு உண்டு. விதியை மீறி வேலை செய்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்ததுதான் என்றால் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்வார்கள். 1923-ஆம் வருடத்துச் சட்டத்தில் அப்படி இல்லை. அங்கே பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்டார் என்று நிரூபித்தால் விரல் போன மாதிரிக் காயத்துக்கு முதலாளி தப்பிக்கலாம், சாவுக்கும் முழு ஊனத்துக்கும் தப்ப முடியாது. இந்த விஷயத்தில் ஈ.எஸ்.ஐ. எவ்வளவோ மேல். பாலிசியில் பெரும்பாலும் குடிபோதை, வேண்டுமென்றே செய்துகொண்ட காயம் இவற்றைத்தான் விலக்குவார்கள். டேப்பைப் பற்றி என் பாலிசியில் ஒரு வார்த்தை இல்லை.

16 ஜூலை 2023

மொத்தமாக வாங்குவது நல்லதா, மாதாமாதமா என்ற சண்டை இங்கே ஓடுகிறது. சும்மா ஒரு கணக்கு. தங்கச்சி வீட்டுக்காரர் ஈ.எஸ்.ஐ.யில் இல்லாமல் 1923 சட்டத்தின் கீழ் வந்திருந்தால், வயது 35 என்றால்: சம்பளத்தை 15,000-க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் 35 வயதுக்குரிய பெருக்கும் எண் 197.06. பெருக்கினால் 17,73,540. அதில் 30 சதவீதம் 5,32,062.

ஈ.எஸ்.ஐ.யில் மாதம் 4,860. ஒன்பது வருடத்தில் இந்தத் தொகையைத் தொட்டுவிடும். 44 வயது. அதற்கு மேல் எல்லாம் மிச்சம், விலைவாசிக்காக அவ்வப்போது கொஞ்சம் கூட்டவும் செய்கிறார்கள். மொத்தமாக வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒருவர் லேத் வாங்கிப் போட்டார், ஒருவர் மச்சினி கல்யாணத்துக்குக் கொடுத்தார். லேத் இன்னும் ஓடுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

16 ஜூலை 2023, இரவு

ஒரு பழைய தீர்ப்பு நினைவுக்கு வந்தது. ஒரிசாவில் ஒரு தச்சர், சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே, பகுதி ஊனம் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம் என்றது உச்ச நீதிமன்றம், 1975-இல். மூன்று விரலுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. ஆனால் போர்டில் உட்காரும்போது "விரல் போச்சு" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலை பார்த்தார், அதில் இனி எது முடியாது என்று எழுதிக் கொண்டுபோங்கள். சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு மெடிக்கல் அப்பீல் தீர்ப்பாயம் உண்டு, நேராக ஈ.எஸ்.ஐ. கோர்ட்டுக்கும் போகலாம்.

20 ஆகஸ்ட் 2023

ரேஷன் கடையில் இன்று பத்து நிமிடம். வலது ஆள்காட்டி விரலை வை என்கிறது மெஷின். வைக்கிறேன், விரலைக் கொடு.

5 நவம்பர் 2023

"விபத்து நடந்த பிறகுதான் என்னை ஈ.எஸ்.ஐ.யில் சேர்த்தார்கள், ஆகவே எனக்கு இல்லையாம்" என்று ஓசூரிலிருந்து ஒரு தம்பி. தம்பி, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே நீ காப்பீட்டில் இருப்பதாகத்தான் கணக்கு. கம்பெனி சந்தாவைப் பிறகு கட்டினாலும் சரி. உச்ச நீதிமன்றமே இப்படித் தீர்ப்பு கொடுத்திருக்கிறது. வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சேர்ந்த தேதிக்கு ஆதாரம் வேண்டும். சம்பளம் கையில் கொடுத்திருந்தால் வாட்ஸப் மெசேஜ், கேட் பாஸ், டீக்கடைக் கணக்கு நோட்டுகூட எடுத்து வை.

11 மார்ச் 2024

தங்கச்சி தகவல் அனுப்பியிருக்கிறார். ஈ.எஸ்.ஐ. போர்டில் 30 போட்டிருக்கிறார்கள். பாலிசிக்காரர்கள் முதலில் ஈ.எஸ்.ஐ. சர்டிபிகேட்டை ஏற்க மாட்டோம், எங்கள் டாக்டர் பார்க்க வேண்டும் என்றார்களாம். பார்த்தார், எண்ணினார், மூன்று விரல் இல்லை என்று ஒப்புக்கொண்டார். 21 சதவீதம், 2,10,000. முன்மொழிவுப் படிவத்தில் "மெஷின் ஆபரேட்டர்" என்று அந்தப் பெண்ணே கைப்பட எழுதியிருந்தாராம். ஒரு பைசா குறைக்கவில்லை.

20 ரூபாய் விஷயத்தைக் கேட்கவில்லை. கட்டைவிரலால் டீ டம்ளர் பிடிக்கிறாராம்.

15 மார்ச் 2024

கொண்டாடியது போதும். பணம் செக்காக வந்திருக்கிறது. அதை அவர் கணக்கில் போட்டாயிற்று. இப்போது எடுக்கப் போனால் கையெழுத்து சேரவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடது கையில் போட்ட கையெழுத்து எப்படிச் சேரும்? எனக்கும் இதே நடந்தது, இங்கே எழுத மறந்துவிட்டேன். என் தப்பு. மாதிரிக் கையெழுத்தை மாற்ற வங்கியில் ஒரு படிவம் உண்டு. போட்டோ, ஆதாரோடு அவரே நேரில் போக வேண்டும். அதற்கு முன் இடது கையில் ஒரே மாதிரி வரும்வரை ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பழகச் சொல்லுங்கள். நான் மூன்று நோட்டு போட்டேன்.

7 டிசம்பர் 2025

இந்தப் பக்கத்துக்கு இன்னும் ஆட்கள் வருவதால் ஒரு வரி. நவம்பர் 21 முதல், ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் 1923 சட்டத்தையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. நான் மேலே சொன்ன 53, 73, 51பி எல்லாம் பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் எண்கள். 2023-இல் அடிபட்டவருக்கு அவைதான் பேச்சு. இனி அடிபடுகிறவர்கள் எண்ணை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பாலிசி படிவத்தில் தொழில் எழுதும் கட்டம் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.